தனித்தனியே கேட்டேன், சேர்த்து வாசித்தேன்

1

1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விடிவதற்கு முன் தொடங்கிய மழை விடவில்லை. காற்று மேற்கிலிருந்து அடித்தது. ஏழு மணிக்கு நான் பார்த்தபோது தோட்டத்து மழைமானியில் ஒன்றே முக்கால் அங்குலம் இருந்தது. ஆபீசு ஜன்னலுக்குப் பதினெட்டு அடி தூரத்தில் இருந்த கொடிக்கம்பம் பனியில் மறைந்துபோயிருந்தது.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. அந்த நேரத்தில் ஒரு கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு காகிதத்தை உரக்க வாசித்தேன். வாசிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அது முடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் அந்தப் பெண்ணின் இடது காது ஆபீசுப் படிக்கட்டில், மேலிருந்து இரண்டாவது படியில் கிடந்தது.

இன்றைக்கு எட்டு வருடம் ஆகிறது. லால்குடிப் பக்கத்திலிருந்து இந்தக் குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்கு இதுவரை குளிர், சாப்பாடு, பஸ், விலைவாசி பற்றி எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம் புரியவேண்டும். இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஜனங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். பிரஜாவுரிமை வேண்டுமானால் விண்ணப்பம் போடவேண்டும். இத்தனை வருடம் விடாமல் இங்கே வசித்தேன், மனைவி மக்களும் என்னோடு வசித்தார்கள் என்று காட்டவேண்டும். விசாரணைக்குக் கூப்பிடும்போது புருஷன் ஒன்று சொல்லி, பெண்சாதி வேறொன்று சொன்னால் போயிற்று. கல்யாணம் தை மாதம் என்று அவனும் மாசி மாதம் என்று அவளும் சொன்னதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

ஆகவே எங்கள் தோட்டத்துக் குடும்பங்களை விசாரணைக்கு முன் நானே ஒருமுறை விசாரித்து, பதில்களை ஒப்பிட்டு அனுப்பத் தொடங்கினேன். யாரும் என்னைப் பணிக்கவில்லை. தமிழும் இங்கிலீசும் எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

செய்யச் செய்ய அதற்கு ஒரு முறை அமைந்தது. முதலில் பெண்ணைக் கூப்பிடுவேன். ஆணை முதலில் கூப்பிட்டால் வெளியே காத்திருக்கும் பெண், அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்து அதையே சொல்லிவிடுவாள். அவள் பேசும்போது அவனை ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், நூறு கஜத்துக்கு அப்பால் நிறுத்துவேன். "ஏன்" என்று கேட்கமாட்டேன். ஏன் அடித்தாய் என்றால் எவனும் அரை மணி நேரம் பிரசங்கம் செய்வான். எப்போது அடித்தாய், கையாலா கம்பாலா, எத்தனை அடி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் தலை குனிந்து பதில் சொல்வான். பெண் பேசாமல் இருந்தால் நானும் பேசாமல் மனத்துக்குள் நாற்பது வரை எண்ணுவேன். அநேகமாக முப்பதுக்குள் பேசிவிடுவார்கள்.

பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, அவள் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை அவளுக்கும் வாசிப்பேன். கேட்டவர் மறுத்துப் பேசக்கூடாது. மற்றவர் சொன்னதைத் தன் வாயால், மற்றவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் தன் பேச்சு. இதுதான் என் விதி. இது இல்லாமல் ஒரு ஜோடியையும் நான் அனுப்பியதில்லை.

கல்யாணத் தேதிக்காக ஏற்பட்ட இந்த விதி வேறு வேலைகளையும் செய்தது. பதினேழு வருடம் லயம் என்கிற கூலி வரிசை வீட்டில், ஒரே அறையில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக்குள் படுத்து எழுந்தவர்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் முதல்முறையாகக் கேட்பதை என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். வாரம் தவறாமல் பெண்சாதியை விறகுக்கட்டையால் அடித்த ஒருவன், "நான் அடிக்கிறப்ப இவ ஊர்ல இருக்கிற அம்மாவ நெனச்சுக்குவாளாம்" என்று திருப்பிச் சொல்லி முடித்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டான். அதன் பிறகு அவன் அடித்தது ஒரே ஒரு தடவை, தீபாவளிக்கு. இப்படி அறுபத்தொரு ஜோடி. விண்ணப்பத்துக்கு வேலையில்லாதவர்கள்கூடச் சண்டை என்றால் வரத் தொடங்கினார்கள். துரை சிரித்துக்கொண்டே ஒருநாள், "கிளாக்கர், நீ கல்யாண டாக்டர்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

3

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதவேண்டும். என் அக்கா தனலட்சுமியை மண்ணச்சநல்லூரில் கொடுத்திருந்தோம். 1923இல் இரண்டு முறை முதுகில் சூட்டோடு வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது பஞ்சாயத்து வைத்தார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் முப்பது முப்பத்தைந்து பேர். புருஷன் ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம், நடுவில் அக்கா. பெரியவர் ஒருவர், "சொல்லும்மா, ஒனக்கு என்ன கொறை அங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் பஞ்சாயத்து. வெற்றிலை கொடுத்துக் கலைந்தார்கள். அழைத்துப் போன புருஷனே பதினோராம் வாரம் வந்து, கிணற்றில் விழுந்து செத்துவிட்டாள் என்று செய்தி சொன்னான். கிணற்றிலிருந்து எடுத்தபோது இரண்டு கையிலும் வளையல் இல்லை, மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருந்தது. கயிற்றைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த சித்திரையில் நான் கப்பலேறினேன்.

அவளைத் தனியாக ஒருவர் கூப்பிட்டு, ஏன் என்று கேட்காமல், எங்கே சுட்டார்கள், எதனால் சுட்டார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். முப்பது வருடம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் மண்டையில் அப்படி ஏறியிருந்தது. கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்யவேண்டும் என்பதை நான் அந்த முப்பது வருடத்தில் ஒருநாளும் யோசிக்கவில்லை.

4

அறுபத்திரண்டாவது ஜோடி ராமையாவும் அங்கம்மாளும். அவன் கவ்வாத்து வெட்டுகிறவன். வயதான தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவதுதான் கவ்வாத்து. அவள் கொழுந்து பறிக்கிறவள். ஒரே மகள் லெட்சுமி, ஏழு வயது. விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அவர்கள் காகிதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 1950இல் அங்கம்மாளின் பெயர் நூற்றுப் பன்னிரண்டு நாள் செக்ரோல் என்கிற வருகைப் பேரேட்டில் இல்லை. அதாவது வேலைக்கு வரவில்லை, தோட்டத்திலும் இல்லை. அதற்குக் காரணம் காட்டாவிட்டால் மூன்று பேருக்கும் பிரஜாவுரிமை இல்லை. முதல்நாள் செவ்வாய்க்கிழமை அவளை மட்டும் கூப்பிட்டேன்.

"நூத்திப் பன்னெண்டு நாளு எங்க இருந்த அங்கம்மா?"

"டயகமவுல ஐயா. அக்கா லயத்துல."

"எப்ப போன?"

"மாசி மாசம். அரிசி போட்ட நாளு. பகல்ல."

"போறதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

பேசவில்லை. நான் எண்ணினேன். முப்பத்துமூன்றில் வாய் திறந்தாள்.

"ஒதச்சாரு. வயித்துல."

"எத்தன ஒத?"

"ரெண்டு. மூணாவது கதவுல பட்டுச்சு. கதவு ஒடஞ்சது. அதுக்குக்கூட சம்பளத்துல வெட்டுனீங்களே, எழுதியிருக்கும் பாருங்க."

பார்த்தேன். எழுதியிருந்தது, என் கையெழுத்தில்.

"அப்ப எனக்கு நாலு மாசம் ஐயா. அவருக்குத் தெரியாது. டயகம போயி மூணாம் நாளு எல்லாம் போயிருச்சு. ஆம்பளப் புள்ளயாட்டம் இருந்துச்சுன்னு அக்கா சொன்னா. அவதான் தேயிலைக்குள்ள கொண்டுபோயி பொதச்சா."

"ராமையாகிட்ட சொல்லலியா?"

"எப்பிடிச் சொல்றது? அதுக்கு முந்தி அவரு பதுளைப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தாரு. புள்ளைன்னு வாயெடுத்தா, மொதல்ல யாருதுன்னுதான் கேப்பாரு. இத எழுதாதீங்க ஐயா."

"எழுதலேன்னா நாலு மாசத்துக்குக் காரணம் கேப்பாங்களே."

அவள் விரலில் இருந்த கொழுந்துக் கறையை நெடுநேரம் தேய்த்தாள்.

"வெசாரணை தொரைக்கு மட்டுந்தானே தெரியும்?"

"ஆமா" என்றேன்.

உடல்நலமில்லாமல் அக்காவின் பராமரிப்பில் இருந்தாள் என்று நான்கு சொற்களில் எழுதியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

5

மறுநாள் காலை ராமையாவை மலையிலிருந்து நேரே வரச் சொல்லியிருந்தேன். அரைநாள் பேர், அதாவது அரைநாள் கூலி, போய்விடக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். கவ்வாத்துக் கத்தியை வராந்தாவில் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். அவனைத் தனியாகக் கேட்டேன். ஒன்பதாவது நிமிடத்தில் முடிந்தது. 1950இல் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள், தான் போய் அழைத்து வந்தேன், வேறொன்றும் தெரியாது என்றான். அது அவனைப் பொறுத்தவரை உண்மை.

பிறகு அங்கம்மாளையும் அழைத்து அவனுக்கு எதிரே உட்காரவைத்தேன். வாசிக்கத் தொடங்குமுன் வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம். அறுபத்தொரு தடவையும் பார்த்தேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. மழை தாங்காமல் கவ்வாத்து ஆட்கள் பதினான்கு பேர் மலையிலிருந்து இறங்கி அங்கே ஒதுங்கியிருந்தார்கள். தகரத்தில் மழைச்சத்தம் பெரிதாக இருந்ததால் காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மழைச்சத்தம் பெரிதாக இருந்ததால் நான் குரலை உயர்த்தி வாசித்தேன்.

அங்கம்மாள் இரண்டாவது வரியிலேயே தெரிந்துகொண்டாள். "ஐயா" என்றாள். குறுக்கே பேசக்கூடாது என்று கையைக் காட்டினேன். முதல்நாள் நான் சொன்ன "ஆமா" எனக்கு நினைவில் இருந்தது. மறந்து வாசித்தேன் என்று எழுதினால் அது பொய். என் விதி அதைவிடப் பெரிது என்று நினைத்தேன். அவனுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"இப்ப நீ திருப்பிச் சொல்லு ராமையா" என்றேன்.

அவன் உதடு வெளுத்திருந்தது. முணுமுணுத்தான்.

"கேக்கல. அவ மூஞ்சியப் பாத்துச் சத்தமாச் சொல்லு."

"நான் ஒதச்சதுல..." நிறுத்தினான். மறுபடி, சத்தமாக: "நான் ஒதச்சதுல வயித்துல இருந்த புள்ள செத்துப்போச்சு."

அவன் அவளைப் பார்த்துச் சொன்னான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் நீர் வந்ததைக் கண்டு, இந்த ஜோடியும் தேறியது என்று காகித மூலையில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டேன். அவனை வெளியே போகச் சொன்னேன். அங்கம்மாளைக் கைநாட்டு வைக்கவும், லெட்சுமியின் பிறப்புச் சாட்சியில் பெயர் திருத்தவும் நிறுத்திக்கொண்டேன்.

வெளியே நடந்ததைப் பிறகு பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவன் புகையிலையைத் துப்பிவிட்டுக் கேட்டிருக்கிறான்: "ஏண்டா ராமையா, நீதான் பதுளையில கல்லு ஒடச்சுக்கிட்டு இருந்தியே, இங்க எவன்டா கன்னு நட்டது?"

இன்னொருவன், "நட்டவன் வெளைச்சல எடுக்கல, இவன் வந்து கவ்வாத்து பண்ணிட்டான்" என்றானாம்.

அந்தச் சிரிப்பு கதவைத் தாண்டி உள்ளே எனக்குக் கேட்டது. ஆட்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

பதினொன்று இருபத்தைந்துக்கு அங்கம்மாள் கதவைத் திறந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே பேரேட்டோடு வந்தேன். அவன் சுவரோரம் நின்றான். கத்தி கையில் இருந்தது. முதல் வெட்டு, தடுக்கத் தூக்கிய இடது கையில் விழுந்தது. சுண்டுவிரலும் அடுத்ததும் தொங்கின. இரண்டாவது காதை எடுத்துக்கொண்டு தோளில் இறங்கியது. மூன்றாவது வராந்தாத் தூணில் பட்டு அரை அங்குலம் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. அதை அவன் பிடுங்கப் பார்த்தான். பதினான்கு ஆண்கள் அங்கே இருந்தார்கள், என்னோடு பதினைந்து. ஒருவரும் அசையவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணியது இப்போதும் எனக்குக் கேட்கிறது.

என் மனைவி விசாலாட்சி குவார்ட்டர்சிலிருந்து எனக்குத் தேநீர் கொண்டு வந்துகொண்டிருந்தாள். குடையைப் போட்டுவிட்டு, கூஜாவைத் திறந்து, கொதிக்கக் கொதிக்க அவன் முகத்தில் ஊற்றினாள். பிறகு காலிக் கூஜாவால் அவன் மூக்கு உடையும்வரை அடித்தாள். அதற்கு அப்புறம்தான் ஆட்கள் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள்.

அதே தூணில் அவனைக் கட்டினார்கள். கட்டியபின் சற்றுமுன் சிரித்தவர்களே முறைவைத்து அறைந்தார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் என்னைத்தான் பார்த்தான்.

"என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்களே ஐயா. இத்தன பேரு கேக்க."

6

துணியைக் கிழித்து அங்கம்மாளின் கையைக் கட்டியதும் விசாலாட்சிதான். லாரியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கை கழுவாமல் என் முன் வந்து நின்றாள்.

"ஒரு பொம்பள ஒங்ககிட்ட சொன்னத, நீங்க எதுக்குங்க படிச்சீங்க?"

"அதுதான் முறை. ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசறதுக்கு."

"எனக்கும்தான் ரெண்டு தடவ அடி விழுந்துச்சு, நீங்க கோடு போடுற உருளைக் கட்டையால. நம்ம ரெண்டு பேரையும் யாரு எதிரெதிர உக்கார வச்சாங்க? நான் சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க பாப்பம். அவ மூஞ்சியப் பாத்துன்னு சொன்னீங்களாமே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. அவளும் நாற்பதுவரை எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அட்டனில் நடந்த வழக்கில் நான் முதல் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல், நீர் டாக்டரா, பாதிரியாரா, புருஷன் பெண்சாதியை விசாரிக்க உமக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டார். முப்பது வருட இங்கிலீசு அன்று என்னைக் கைவிட்டது. அவர்களைக் கேள்வி கேட்டேன் என்பதற்குப் பதில், அவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னேன் என்று பொருள்படும் சொல்லைச் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நீதவான் மட்டும் சிரிக்கவில்லை. ராமையாவுக்கு ஐந்து வருடம் கடூழியம். குடும்பம் ஒன்றாக வசிக்கவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. எந்த நூற்றுப் பன்னிரண்டு நாளுக்காக நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேனோ அதை அவர்கள் கேட்கவே இல்லை.

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அட்டன் டவுனில் இருக்கிறேன். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு படி. மகன் கொழும்பில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவான், கடிதமெல்லாம் இங்கிலீசில். பேரன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதில்லை, சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி "சீயா" என்கிறான். நானும் திரும்பிப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த மகனும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. சமையலறையில் மருமகள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

மகன் சாப்பிட உட்கார்ந்ததும், "அவ ஒங்ககிட்ட என்னப்பா சொன்னா?" என்றான்.

"அவகிட்டயே கேளு."

"ஊரு உலகத்துக்கெல்லாம் வெசாரிச்சு வச்சவரு, வீட்டுல வாயத் தொறக்கமாட்டீங்களா?" என்று தட்டைச் சுவரில் வீசினான். பீங்கான் ஏழு துண்டாயிற்று. பேரன் மேசைக்கடியில் புகுந்துகொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. மருமகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான். அவன் என்னைத் தள்ளினான், விழவில்லை.

7

வழக்கு முடிந்த மறுவாரம் அங்கம்மாள் ஆபீசுக்கு வந்தாள். தலையில் முக்காடு, இடது பக்கம் இறக்கி விட்டிருந்தாள். கையில் மூன்று விரல். பக்கத்தில் லெட்சுமி, இரண்டு மூட்டை.

"பேர வெட்டிக் குடுங்க ஐயா. டயகமவுல பதியப் போறேன்."

"மூணு வெரல வச்சுக்கிட்டுக் கொழுந்து எடுக்க முடியுமா?"

"வலது கை இருக்குல்ல. அரைப்பேரு போடுவாங்களாம்."

பெயரை வெட்டினேன். மேசை இழுப்பறையைத் திறந்து, வீட்டில் சொல்லாமல் எடுத்துவந்திருந்த ஐம்பது ரூபாயை நீட்டினேன். அவள் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"அங்கம்மா, நான் ஒனக்கு நல்லதுதான்..."

"தெரியும் ஐயா." சண்டைக்கு வந்த குரல் இல்லை, காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுக்கிற குரல். "ஒதச்சப்பகூட நான் யாருகிட்டயும் சொல்லல. அக்காகிட்ட சொன்னேன், அவ தேயிலைக்குள்ள பொதச்சா. அப்புறம் ஒங்ககிட்டத்தான் சொன்னேன்."

முக்காட்டை இழுத்து விட்டாள். பிறகு, "பஸ்ஸுக்குக் காசு இல்ல. அத மட்டும் குடுங்க" என்றாள்.

ஐம்பதும் ஐந்து ரூபாய் நோட்டுகளாக இருந்தன. ஒன்றை மட்டும் வலது கையால் உருவி எடுத்துக்கொண்டாள். லெட்சுமி ஒரு மூட்டையைத் தூக்கினாள், அவள் ஒன்றை. தூணில் கத்தி சிக்கிய இடத்தைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்கள்.

மூன்றாம் நாள் பஸ் கண்டக்டர் ஆபீசுக்கு வந்து, கசங்கிய காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். "மூணு பஸ் மாறிப் போனாங்களாம். மீதிய ஒங்ககிட்டயே குடுத்துறச் சொல்லி, அக்கரப்பத்தனையில எங்காளு ஒருத்தன்கிட்ட குடுத்து விட்டிருக்காங்க" என்றான். பிரித்து எண்ணினேன். ஒரு ரூபாய் ஐம்பத்தைந்து சதம். பெரியவளுக்கு ஒரு டிக்கெட், பிள்ளைக்கு அரை டிக்கெட், மூன்று பஸ். அதுவரை கணக்குச் சரியாக இருந்தது. அதற்குமேல் அவள் என்னிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு ஆன செலவு மூன்று ரூபாய் நாற்பத்தைந்து சதம்.